வண்டி உறுமணும், வீதி திட்டக் கூடாது: கார் சைலன்சர் சத்தத்தை மாற்ற முழு வழிகாட்டி

என் முதல் காருக்கு நான் செய்த முதல் வேலை, பின்னால் இருந்த டப்பாவை அறுத்து எறிந்துவிட்டு நேர் பைப் வைத்ததுதான். பழைய எஸ்டீம், 1.3 லிட்டர் எஞ்சின். பட்டறையில் நின்று ஆக்சிலரேட்டரை மிதித்தபோது புல்லரித்தது. அன்று சாயங்காலமே கோபிசெட்டிபாளையம் பக்கம் அப்புச்சி (அம்மாவின் அப்பா) தோட்டத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். கட்டுத்தறியில் இருந்த மாடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு மிரண்டன. அப்புச்சி வெளியே வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, சைலன்சர் ஓட்டையாப் போச்சாட்டிருக்குது. நாளைக்குப் பத்த வெச்சுக்கலாம் உடு" என்றார். கிண்டலே இல்லை, நிஜமாகவே வருத்தப்பட்டார்.

அவர் சொன்னது சரிதான் என்று புரிய எனக்குப் பெருந்துறையிலிருந்து சேலம் வரை ஒரு தடவை போய்வர வேண்டியிருந்தது. 80-ல் நிலையாகப் போனால் வண்டிக்குள் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல், காதில் கேட்பதைவிட நெஞ்சில் அதிகமாகத் தெரியும். பாட்டுப் போட்டாலும் அடங்காது. பவானி தாண்டுவதற்குள் தலைவலி வந்துவிட்டது. அதற்கப்புறம் இரண்டு வண்டிகளில் மூன்று தடவை செய்து, கெடுத்து, திரும்பச் செய்து, இப்போது வைத்திருக்கும் 1.5 லிட்டர் 4 சிலிண்டர் செடானில்தான் நினைத்தது வந்தது: வீதிக்குள் வாயே திறக்காது, எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்று (ஆர்பிஎம்) தாண்டினால் மட்டும் பேசும். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் எழுதுகிறேன். பெட்ரோல் வண்டிக்கு மட்டும். டீசல் வைத்திருப்பவர்கள் இந்த வேலையையே விட்டுவிடுங்கள், டர்போ சத்தத்தைத் தின்றுவிடும், மிச்சத்தை டிபிஎஃப் என்கிற கரித்துகள் வடிகட்டி தின்றுவிடும், அதைக் கழற்றினால் கரும்புகையும் டேஷ்போர்டில் எரியும் எஞ்சின் எச்சரிக்கை விளக்கும்தான் மிச்சம்.

சட்டம் என்ன சொல்கிறது

கசப்பான சங்கதியை முதலில் முடித்துவிடலாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியில் கை வைக்கக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவில், அப்படி மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தம், புகை அளவை மீறி ஓட்டினால் 190-வது பிரிவு வருகிறது: முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, கூடவே லைசென்ஸ் 3 மாதம் போகும். சைலன்சர் கட்டாயம் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 120. புதுக் கார் கம்பெனியை விட்டு வெளியே வரும்போதே 74 டெசிபலுக்குள் இருக்க வேண்டும், அது 7.5 மீட்டர் தள்ளி மைக் வைத்து, வண்டியை முழு மிதியில் ஓட்டிச் சோதிக்கும் அளவு.

ஆக, ஸ்டாக்கைவிட, அதாவது கம்பெனியிலிருந்து வந்ததைவிட, கணிசமாகச் சத்தம் போடும் எந்த மாற்றமும் ரோட்டுக்கு ஆகாது. சத்தம் வேண்டும் என்பவர்களுக்கு நம் ஊரிலேயே இடம் இருக்கிறது. கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களைக் கட்டிய கரிவரதன் பெயரில் இருக்கும் ட்ராக் அது. ட்ராக் நாளன்று மாட்டிக்கொள்ள ஒன்று, ரோட்டுக்கு ஒரிஜினல் என்று இரண்டு வைத்துக்கொள்பவர்கள் உண்டு. அதனால்தான் கீழே நான் சொல்லும் எல்லாமே வெட்டாமல், போல்ட் போட்டுக் கழற்றி மாட்டும் முறை. ஒரிஜினல் டப்பாவை எந்தக் காரணத்துக்காகவும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். வாரண்டியில் இருக்கும் வண்டி என்றால் வாரண்டி முடியும் வரை பொறுங்கள், இன்சூரன்ஸ்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அடியில் என்ன இருக்கிறது

வண்டியை லிஃப்டில் ஏற்றி எஞ்சினிலிருந்து பின்பக்கம் நோக்கிப் பாருங்கள். முதலில் மேனிஃபோல்டு, எல்லா சிலிண்டரின் புகையையும் ஒன்றாகச் சேர்க்கும் குழாய்க் கொத்து. அடுத்து புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், பட்டறையில் 'கேட்' என்பார்கள். பல புது வண்டிகளில் அது மேனிஃபோல்டோடேயே ஒட்டி இருக்கும். அதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று ஆக்சிஜன் சென்சார். பிறகு ஆடும் எஞ்சினுக்கு ஈடுகொடுக்கிற பின்னல் போட்ட ஃபிளெக்ஸ் பைப். நடுவில் சின்ன உருளை ஒன்று இருந்தால் அது ரெசொனேட்டர், சத்தத்தைக் கொஞ்சம் தணிக்கும் குட்டி டப்பா. கடைசியில் பெரிய டப்பா, அதுதான் மஃப்ளர், ஊரில் சைலன்சர் என்று சொல்வது அதைத்தான்.

கேட்டுக்கும் அதற்கு முன்னால் உள்ளதற்கும் கை போகக் கூடாது. உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கும், கழற்றித் தருகிறேன் என்று ஆசைகாட்டுகிறவர்கள் எதற்காகச் சொல்கிறார்கள் என்று புரிகிறதா? கழற்றினால் எஞ்சின் விளக்கு எரியும், கண் எரியும், பி.யு.சி. புகைச் சோதனையில் தேறாது. சத்தமும் ஒன்றும் நன்றாக இருக்காது, தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி ஒரு கரகரப்புத்தான் வரும். நமக்கு வேலை ரெசொனேட்டருக்குப் பின்னால் மட்டும், அதாவது கடைசி டப்பாவும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள பைப்பும்.

இரண்டு எதிரி, இரண்டு மருந்து

இதைப் புரிந்துகொள்ளாமல்தான் நான் இரண்டு செட் பைப்பை வீணடித்தேன். கெட்ட சத்தம் இரண்டு வகை. ஒன்று கரகரப்பு, ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே, ஆக்சிலரேட்டரை விடும்போது சலங்கை கட்டிய மாதிரி. இன்னொன்று முனகல், 60-லிருந்து 120 ஹெர்ட்ஸ் வரை, நிலையான வேகத்தில் காருக்குள்ளேயே சுற்றிச் சுற்றி அடிப்பது. கரகரப்பை உறிஞ்சித்தான் கொல்ல வேண்டும்: ஓட்டை போட்ட குழாய், அதைச் சுற்றி கிளாஸ் வூல், வெளியே உறை. முனகலுக்கு அந்தப் பஞ்சு ஒன்றும் செய்யாது, நீள அலை அதை லட்சியமே பண்ணாமல் போய்விடும். அதற்குக் கொள்ளளவு பெரிய அறை வேண்டும், அல்லது அந்த ஒரு அலையை மட்டும் திருப்பி அடிக்கிற, ஒரு முனை மூடிய குருட்டுக் குழாய் வேண்டும். பஞ்சு டப்பா வைத்தபிறகும் முனகுகிறது என்று அதைவிடப் பெரிய பஞ்சு டப்பா வாங்குகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், நானும் அதில் ஒருவன்.

முனகல் எந்த அலையில் என்று கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. 4 சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றும்போது இரண்டு தடவை வெடிக்கும், ஆகவே ஆர்பிஎம்-ஐ 30-ஆல் வகுத்தால் ஹெர்ட்ஸ் வரும். 2,700 என்றால் 90 ஹெர்ட்ஸ். 3 சிலிண்டருக்கு 40-ஆல் வகுக்க வேண்டும், அதே 2,700-க்கு 67.5. மூன்று சிலிண்டரின் சத்தம் ஏன் கனமாக, இடைவெளி விட்டு விட்டு வருகிறது என்பதற்கும் இதுதான் காரணம். 2024-ல் வந்த புது ஸ்விஃப்ட் 3 சிலிண்டர், அதற்கு முந்தைய பெட்ரோல் ஸ்விஃப்ட் 4 சிலிண்டர். பழைய ஸ்விஃப்ட்டில் கேட்ட சத்தத்தைப் புதியதில் எந்தப் பட்டறையாலும் கொண்டுவர முடியாது. எட்டு சிலிண்டர் வீடியோவைக் காட்டி 'இந்த மாதிரி வேணும்ண்ணா' என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்.

முதலில் அளவு எடுங்கள்

கழற்றுவதற்கு முன், இப்போது இருக்கும் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். ஃபோனில் டெசிபல் ஆப் ஒன்று, அலைவரிசைப் பட்டைகளைக் காட்டும் ஸ்பெக்ட்ரம் ஆப் ஒன்று, இரண்டும் இலவசமாகவே கிடைக்கும். வெளியே: பைப் வாயிலிருந்து அரை மீட்டர், 45 டிகிரி கோணத்தில், அதே உயரத்தில் ஃபோன். நேர் பின்னால் வைத்தால் காற்று மைக்கில் அடித்துப் பொய் அளவு காட்டும். மிதிக்காமல் ஐடிலில் ஒன்று, 3,000 ஆர்பிஎம்மில் ஒன்று, 4,000-ல் ஒன்று. உள்ளே: கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசியை அணைத்து, நல்ல ரோட்டில் 60, 80, 100 என்று நிலையாக ஓட்டி, பக்கத்து சீட்டில் ஒருவரை உட்காரவைத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அவிநாசி தாண்டி பைபாஸில் விடிகாலை ஐந்தரைக்கு இதைச் செய்தால் லாரி சத்தம் கலக்காது. ஃபோன் மைக் காட்டும் டெசிபல் துல்லியமில்லை, பரவாயில்லை, முன்னும் பின்னும் ஒரே ஃபோன், ஒரே இடம் என்றால் வித்தியாசம் சரியாக வரும். சக்திக் கணக்கில் 3 டெசிபல் ஏறினாலே இரண்டு மடங்கு, காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற சுமார் 10 ஏற வேண்டும்.

இன்னொன்று. பாதிப் பேருக்கு இந்த இடத்திலேயே வேலை முடிந்துவிடலாம். லிஃப்டில் வண்டி இருக்கும்போது வெப்பத் தடுப்புத் தகடுகளைக் கையால் ஆட்டிப் பாருங்கள், துருப்பிடித்த போல்ட் விட்டுப் போய் அது அதிர்வதைத்தான் பலர் 'சைலன்சர் சத்தம்' என்கிறார்கள். டப்பாவை ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள், உள்ளே கடகடவென்று உருண்டால் டப்பாவின் உள்தடுப்புத் தகடு கழன்றுவிட்டது. பைப்பைத் தொங்கவிட்டிருக்கும் ரப்பர்கள் வெடித்திருந்தால் எல்லாவற்றையும் மாற்றுங்கள், சில நூறு ரூபாய்தான். பத்து வருட வண்டியில் இதைச் செய்தாலே பாதி இரைச்சல் அடங்கும்.

பைப் அளவு, டப்பா, எவர்சில்வர்

பைப்பைப் பெரிதாக்கினால் பவர் ஏறும் என்று யாராவது சொன்னால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். புகை வேகமாகப் போனால்தான் பின்னால் வருவதையும் இழுத்துக்கொண்டு போகும். அளவுக்கு மீறி அகலமான பைப்பில் வேகம் செத்து, 2,500-க்குக் கீழே இழுவை குறையும். டவுனுக்குள் இரண்டாவது கியரில் அதை உடனே உணர்வீர்கள். 1.2 லிட்டர் எஞ்சினுக்கு 45 மி.மீ. தாண்ட வேண்டாம், 1.5, 1.6-க்கு 2 அங்குலம் போதும், டர்போ போட்ட 2 லிட்டருக்குத்தான் இரண்டரை. இன்னொரு கூட்டம் 'பேக் பிரஷர் வேணும்' என்று சொல்லும். வேண்டியது அழுத்தம் இல்லை, வேகம்தான், குறுகலான பைப்பில் அது தானாக வருவதால் அப்படித் தோன்றுகிறது.

டப்பா: ஓட்டைக் குழாய் நேராகப் போகும் பஞ்சு டப்பா, உறை நீளம் 40 செ.மீ.-க்குக் குறையாமல் வாங்குங்கள். குட்டையான குண்டு டப்பா பார்க்க அழகு, வேலை பூஜ்யம். கூடவே ஸ்டாக் ரெசொனேட்டரை அப்படியே விடுங்கள், உங்கள் வண்டியில் இல்லையென்றால் சின்னதாக ஒன்று சேருங்கள், 3 சிலிண்டருக்குக் கட்டாயம். பின்வாய் அலங்காரத்துக்கு 4 அங்குலக் குழல் போடுவது உங்கள் இஷ்டம், சத்தத்தில் அது பெரிதாக எதையும் மாற்றாது.

இரும்பு விஷயத்தில்தான் நம் ஊரில் ஏமாறுவது. எவர்சில்வரில் 304 கிரேடு என்று சொல்லி மட்டமான 202-ஐத் தருவார்கள். காந்தம் வைத்துப் பார்த்து 'ஒட்டல, ஒரிஜினல்' என்பார்கள், ஆனால் 202-லும் ஒட்டாது, 304-லும் ஒட்டாது. அதே நேரம் கார் கம்பெனிகள் நிறையப் பயன்படுத்தும் 409 கிரேடில் காந்தம் ஒட்டும், அதுவும் ஸ்டெயின்லெஸ்தான். ஸ்கிராப் கடைக்காரர்களிடம் ஒரு சொட்டு மருந்தும் சின்ன பேட்டரியும் இருக்கும், பைப்பில் ஒரு சொட்டு விட்டு பேட்டரியைத் தொட்டால் 202 சில நொடிகளில் சிவந்துவிடும். உக்கடம் பக்கம் பழைய இரும்பு எடை போடுபவர் இதைக் கண்மூடிக்கொண்டு செய்வார், பத்து ரூபாய் டீக்கு உங்களுக்கும் செய்து தருவார்.

இதையும் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் போர்வெல்லில் கழற்றிய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் இரண்டு, மூன்று சுவரோரம் சாய்ந்திருக்கும். 'இதையே போட்டுடலாம்ங்க' என்று பட்டறையில் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். அந்தத் துத்தநாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் வெள்ளைப் புகையாக எழும், அதைச் சுவாசித்தவருக்கு அன்று ராத்திரி குளிர் காய்ச்சல் வரும். என் கூட்டாளி ஒருவன் தோட்டத்துப் பைப்பை வைத்து வேலையை முடித்துவிட்டு ராத்திரி முழுக்கப் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான், வீட்டில் கொசுக்கடியால் வந்த காய்ச்சல் என்று நினைத்து ரத்தம் பரிசோதித்தார்கள்.

வளைப்பதும் பற்றவைப்பதும்

பின் ஆக்சிலுக்கு மேலே ஏறி இறங்கும் வளைவுதான் சிரமம். சாதாரண பெண்டிங் மிஷினில் அழுத்தினால் வளைவில் பைப் நசுங்கி உள்விட்டம் குறையும், சுருக்கம் விழும். மேண்ட்ரல் பெண்ட் என்று உள்ளே தாங்கு வைத்து வளைத்த எல்போக்கள் ரெடிமேடாகக் கிடைக்கும், 45 டிகிரி, 90 டிகிரி வாங்கி வெட்டி ஒட்டுவதுதான் சுலபம். பழைய ஆட்கள் செய்யும் வழி இன்னொன்று இருக்கிறது: பைப்பில் நன்றாகக் காயவைத்துச் சலித்த ஆற்று மணலை நிரப்பி, தட்டித் தட்டி இறுக்கி, இரண்டு பக்கமும் மரக்கட்டை அடைத்து, வளைய வேண்டிய இடத்தை கேஸில் செம்பழுப்பாகச் சுடவைத்து மெதுவாக வளைப்பது. மணலில் துளி ஈரம் இருந்தாலும் ஆவி அடைத்துக் கட்டையைத் துப்பாக்கிக் குண்டு மாதிரி தள்ளும், ஆகவே வாய்க்கு நேரே யாரும் நிற்கக் கூடாது. போர்வெல் ரிக் வண்டிகள் நிறைந்த திருச்செங்கோடு பக்கத்தில் ஒரு பெரியவர் இதைச் செய்வதைப் பார்த்தேன். வளைவைக் கையால் தடவிப் பார்த்தேன், ஒரு சுருக்கம் இல்லை.

வெட்டுவதற்கு முன் 6 மி.மீ. கம்பியை வளைத்து வண்டிக்கு அடியில் பைப் போகும் பாதையை மாதிரி எடுங்கள். அந்தக் கம்பி எரிபொருள் டேங்க், பிரேக் ஹோஸ், ஹேண்ட்பிரேக் கேபிள், பின் பம்பர் எதிலிருந்தும் குறைந்தது 25 மி.மீ. விலகி இருக்க வேண்டும். ஆக்சில் மேலே ஏறும் இடத்தில் இன்னும் அதிகம், வண்டியைக் காலியாக வைத்துப் பார்க்காமல் பின்னால் நான்கு பேரை ஏற்றிப் பாருங்கள். என் இரண்டாவது முயற்சியில் இதைச் செய்யாமல், குடும்பத்தோடு வால்பாறைக்கு ஏறியபோது நாற்பது கொண்டை ஊசியிலும் 'டொங்' 'டொங்' என்று ஆக்சில் இடித்துக்கொண்டே வந்தது. பட்டறையில் கேட்டதற்கு 'ஆளைக் குறைச்சு ஏத்துங்க' என்றார்கள்.

பைப்பை வண்டியிலேயே வைத்து நாலு இடத்தில் புள்ளி வைத்துவிட்டு, கழற்றி மேசையில் வைத்து முழு வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். புள்ளி வைக்கும்போதும் பேட்டரி நெகட்டிவைக் கழற்றியே ஆகவேண்டும், எர்த் கிளிப்பை வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே கவ்வ வேண்டும், டேங்க் பக்கம் ஈரக் கோணிச்சாக்கு தொங்க வேண்டும், கையருகே தீயணைப்பான் இருக்க வேண்டும். இதற்கெல்லாம் முகம் சுளிக்கிற பட்டறையாக இருந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

எவர்சில்வருக்கு ஆர்கான் வெல்டிங்தான், 304-க்கு 308எல் கம்பி. வெளியே மீன் செதில் மாதிரி அழகாக இருந்தால் மட்டும் போதாது. பைப்பின் உள்ளேயும் ஆர்கான் விட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். விடாவிட்டால் உள்பக்கம் கருகிப் பொரிந்து, கருப்பட்டிப் பாகு பொங்கிக் கெட்டியான மாதிரி நிற்கும், அங்கிருந்துதான் பிற்பாடு விரிசல் ஓடும். டார்ச் அடித்து உள்ளே பார்த்தாலே தெரியும்.

இரண்டு முனையிலும் ஃபிளாஞ்சு (போல்ட் ஓட்டை போட்ட தட்டு), நடுவில் கேஸ்கெட் (கசிவை அடைக்கும் தகடு), போல்ட்டுக்குச் செம்பு கிரீஸ். இதுதான் கழற்றி மாட்டும் வசதி. டப்பாவின் தாழ்ந்த இடத்தில் 3 மி.மீ. ஓட்டை ஒன்று போட மறக்காதீர்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வரும், பக்கத்துக் கடைக்கு மட்டும் போய்வரும் வண்டியில் அது டப்பாவிலேயே தங்கி உள்ளிருந்து அரிக்கும்.

தொங்கவிடும்போது இறுக்கிக் கட்டாதீர்கள். இரண்டு மீட்டர் எவர்சில்வர் பைப் 300 டிகிரி சூடேறினால் சுமார் 1 செ.மீ. நீளும். ரப்பர்கள் குளிர்ந்த நிலையில் லேசாக முன்பக்கம் சாய்ந்திருந்தால் சூட்டில் நேராகும். கம்பியைப் போட்டு சேஸிஸோடு இறுக்கினால் எஞ்சின் அதிர்வு அத்தனையும் சீட்டுக்கு வரும், ஃபிளெக்ஸ் பைப்பும் ஆறு மாதத்தில் கிழியும்.

கசிவு: இதில் விளையாட்டு வேண்டாம்

கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. தலை கனக்கும், தூக்கம் வருவது போல இருக்கும், அப்புறம் எழுந்திருக்கவே முடியாது. ஏசி போட்டுக்கொண்டு நின்ற வண்டியில் தூங்கி இறந்தவர்கள் செய்தி வருகிறதே, அது இதுதான். ஆகவே வேலை முடிந்ததும் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, பைப் வாயில் வாக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்தைத் துணி சுற்றிப் பொருத்தி, எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். நுரை எழும்பும் இடம் கசிவு. பழைய கேட் பக்கத்து இணைப்பையும் சேர்த்துப் பாருங்கள், ஏனென்றால் சென்சாருக்கு முன்னால் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, பெட்ரோல் குறைவாகப் போகிறது என்று கம்ப்யூட்டர் தப்புக்கணக்குப் போட்டு அதிகம் ஊற்றும், மைலேஜ் இறங்கும். டிக்கியின் பக்கச் சுவர் ஓட்டைகளில் ரப்பர் மூடிகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள், பழைய வண்டிகளில் இரண்டு மூன்று காணாமல் போயிருக்கும்.

முதல் அரைமணி ஓட்டத்தில் பஞ்சின் ஒட்டுப்பசை எரிந்து லேசாக வெள்ளைப் புகையும் ஒரு நாற்றமும் வரும், அது சகஜம். வீட்டு வாசலில் வைத்துச் செய்யாதீர்கள்.

முனகல் மிச்சமிருந்தால்: குருட்டுக் குழாய்

இப்போது முதலில் ஓட்டிய அதே ரோட்டில், அதே வேகங்களில் திரும்பப் பதிவு செய்யுங்கள். ஸ்பெக்ட்ரமில் ஒரு ஒற்றை முள் நட்டுக்கொண்டு நின்றால் அதுதான் முனகல். எனக்கு 2,700-ல், 90 ஹெர்ட்ஸில் நின்றது.

ஒரு முனை மூடிய குழாயை மெயின் பைப்பில் கிளையாக ஒட்டினால், அதன் நீளத்துக்கு நான்கு மடங்குள்ள அலை உள்ளே போய்த் திரும்பி வரும்போது நேர் எதிராக வந்து மெயின் அலையை அழிக்கும். நீளக் கணக்கு: ஒலியின் வேகத்தை, ஹெர்ட்ஸின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். ஒலி வேகம் சூட்டுக்கு ஏற்ப மாறும். 300 டிகிரியில் நொடிக்கு 480 மீட்டர், ஆனால் கிளைக்குள் புகை ஓடுவதில்லை, அது மெயினைவிடக் குளிர்ந்தே இருக்கும், 400 என்று வைத்துக்கொள்ளலாம். 400-ஐ 360-ஆல் வகுத்தால் 1.11 மீட்டர். சூடு சரியாகத் தெரியாததால் முதலில் 1.25 மீட்டர் வெட்டி, மூடியைக் கிளாம்பில் மாட்டி ஓட்டிப் பாருங்கள். நீளம் அதிகமாக இருந்தால் அது தாழ்ந்த ஆர்பிஎம்மில் வேலை செய்யும். 2 செ.மீ. வெட்டினால் சுமார் 50 ஆர்பிஎம் மேலே நகரும். வெட்டலாம், நீட்ட முடியாது, பொறுமையாக இரண்டு இரண்டாக வாருங்கள். நான் ஐந்து தடவை லிஃப்டில் ஏற்றி இறக்கினேன், பட்டறைக்காரர் கடைசித் தடவை 'இன்னும் எத்தன தடவைங்ண்ணா' என்று கேட்டுவிட்டார். 1.13-ல் நின்றது. முள் அப்படியே படுத்துவிட்டது.

கிளையின் அகலம் மெயின் பைப் அளவே இருக்கட்டும். ஒட்டும் இடம் டப்பாவுக்கு முன்னால், பின்வாயை ஒட்டி இல்லாமல் நன்றாகத் தள்ளி இருக்கட்டும், திறந்த வாய் பக்கத்தில் அழுத்தமே இல்லாததால் அங்கே ஒட்டினால் பயனில்லை. நீளம் நேராக வைக்க இடமிருக்காது, 'ஜே' மாதிரி வளைத்து டப்பாவின் பக்கவாட்டில் படுக்கவைக்கலாம், வளைவால் கெடுவது ஒன்றுமில்லை. நீளத்தை நடுக்கோட்டில் அளந்துகொள்ளுங்கள்.

சத்தம் இன்னும் வேண்டும் என்று கை அரித்தால் முன்பக்கம் வாருங்கள். ஏர் ஃபில்டர் டப்பாவுக்கு வரும் பிளாஸ்டிக் குழாயில் தொங்கும் சின்ன ரெசொனேட்டரைக் கழற்றி அடைத்தால், முழு மிதியில் எஞ்சின் காற்றை உறிஞ்சும் சத்தம் உள்ளே இருப்பவருக்கு நன்றாகக் கேட்கும், தெருவில் போகிறவருக்கு அவ்வளவாகக் கேட்காது. கம்பெனி பாகத்தைப் பத்திரமாக எடுத்துவையுங்கள்.

எனக்குப் பைப், டப்பா, வெல்டிங் கூலி, ஐந்து தடவை லிஃப்ட் எல்லாம் சேர்த்து 14,000 சொச்சம் ஆனது. முதல் 200 கிலோமீட்டர் முடிந்ததும் எல்லா ஃபிளாஞ்சு போல்ட்டையும், எஞ்சின் முழுக்கக் குளிர்ந்த பிறகு, ஒரு சுற்று இறுக்குங்கள். சூட்டில் கேஸ்கெட் அமுங்கி எப்படியும் கால் சுற்று இளகியிருக்கும். ஒவ்வொரு 5,000 கிலோமீட்டருக்கும் அதே ஃபோன், அதே இடம், அதே ஆர்பிஎம்மில் பதிவு செய்து பழையதோடு ஒப்பிடுங்கள். பஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக எரிந்து பைப் வழியே வெளியே போய்க்கொண்டிருக்கும், தினமும் கேட்கிற காதுக்கு அது தெரியாது. 3 டெசிபல் ஏறியிருந்தால் டப்பாவின் ரிவெட்டை எடுத்து, ஓட்டைக் குழாயைச் சுற்றி முதலில் ஸ்டீல் வூல் ஒரு அடுக்கு, அதன்மேல் புது கிளாஸ் வூலை இறுக்கமாகச் சுற்றி மூடுங்கள். கையுறையும் முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள், அந்தப் பஞ்சு ஒட்டினால் இரண்டு நாளைக்கு அரிக்கும்.